வயல் முதலா, கோயில் முதலா? கோபெக்லி தெபே அகழாய்வும் நாகரிகத்தின் வரிசையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் இறுதியில் நடந்த கேள்வி நேரமும் விடப்பட்டுள்ளன.)



தொல்லியல் சொற்பொழிவு என்றதும் கீழடியையோ சிவகளையையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது தென்கிழக்குத் துருக்கியில் இருக்கும் கோபெக்லி தெபே. காரணம் இதுதான். ஓர் அகழாய்வு உலக வரலாற்றின் பாடத்தையே மாற்றிவிட்டதாகக் கொண்டாடப்பட்டது. பிறகு அதே இடத்தில், அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொடர்ந்து தோண்டி, அந்தக் கொண்டாட்டத்தின் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார்கள். இவ்வளவும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நடந்தது. சான்று எப்படி முடிவாகிறது, முடிவு எப்படிச் சான்றால் உடைகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்க இதைவிடத் தெளிவான இடம் வேறு கிடைப்பது அரிது.

நாம் எல்லோரும் பள்ளியில் படித்த வரிசை ஒன்று உண்டு. மனிதன் வேட்டையாடி அலைந்தான், உழவைக் கண்டான், ஓரிடத்தில் தங்கினான், விளைச்சல் மிஞ்சியது, மிஞ்சியதைக் காக்க அரசனும் பூசாரியும் வந்தார்கள், அதன்பின் பெரிய கட்டடங்கள் எழுந்தன. 1930-களில் தொல்லியலாளர் கோர்டன் சைல்டு 'புதிய கற்காலப் புரட்சி' என்று பெயரிட்டு வடித்துக் கொடுத்த சித்திரம் இது. கோபெக்லி தெபே இந்தப் படிக்கட்டைத் தலைகீழாக்கிவிட்டது, கோயில்தான் முதலில் வந்தது என்று பலரும் எழுதினார்கள். இன்று நான் நிறுவ முயல்வது ஒன்றே: அங்கே தலைகீழான படிக்கட்டும் இல்லை, நேரான படிக்கட்டும் இல்லை. நிலையாகத் தங்குவது, பெருங்கட்டடம் எழுப்புவது, பயிரிடுவது ஆகிய மூன்றும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கவில்லை. அவை வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு காரணங்களால் வளர்ந்தன.

1. முதலில் கிடைத்தவை

ஷான்லிஉர்ஃபா நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், சுண்ணாம்புக்கல் குன்றுத் தொடர் ஒன்றின் முகட்டில் இருக்கிறது இந்த மேடு. 1963-இல் இஸ்தான்புல், சிகாகோ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய கள ஆய்வில் இது பதிவானது. மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த கற்பலகைகளைப் பிற்காலக் கல்லறைக் கற்கள் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். 1994-இல் அங்கு வந்த ஜெர்மன் தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்மிட் அவற்றை உடனே அடையாளம் கண்டுகொண்டார். யூப்ரடீஸ் பக்கத்து நெவாலி சோரி அகழாய்வில் வேலை செய்தவர் அவர். ஆங்கில 'T' எழுத்தைப் போலத் தலை அகன்ற கல்தூண்களை அங்கே ஏற்கெனவே பார்த்திருந்தார். அந்த நெவாலி சோரி 1992-இல் அத்தாதுர்க் அணையின் நீருக்குள் மூழ்கிவிட்டது. அந்த அணை சில ஆண்டுகள் முன்னதாகவே கட்டப்பட்டிருந்தால் கோபெக்லி தெபே இன்னும் எத்தனை காலம் கல்லறையாகவே கிடந்திருக்குமோ தெரியாது.

1995-இல் ஷான்லிஉர்ஃபா அருங்காட்சியகமும் ஜெர்மன் தொல்லியல் நிறுவனமும் சேர்ந்து அகழாய்வைத் தொடங்கின. வட்டமாகவும் நீள்வட்டமாகவும் சுவர் எழுப்பி, சுவருக்குள் தூண்களை இடைவெளிவிட்டு நட்டு, நடுவில் இரண்டு பெருந்தூண்களை நிறுத்திய கட்டடங்கள் வெளிப்பட்டன. 'D' எனக் குறிக்கப்பட்ட கட்டடத்தின் நடுத்தூண்கள் சுமார் 5.5 மீட்டர் உயரம். அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தூணின் இரு பக்கங்களிலும் கைகள் மெலிதாகப் புடைத்து இறங்குகின்றன, முழங்கை மடங்குகிறது, நீண்ட விரல்கள் முன்புறம் வந்து வயிற்றின் மேல் கிட்டத்தட்டத் தொடுகின்றன. இடுப்பில் பட்டை இருக்கிறது. பட்டையிலிருந்து முன்பக்கம் நரித்தோல் ஒன்று வாலோடு தொங்குகிறது. மேலே அகன்ற தலையில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. சுற்றுத்தூண்களில் பாம்பு, நரி, காட்டுப்பன்றி, கொக்கு, கழுகு என்று உயிரினங்கள் நிறைந்திருக்கின்றன. விலங்குகளை இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கத் தெரிந்த கைகளுக்கு முகம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. முகம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

காலம் கி.மு. 9500 முதல் 8000 வரை. உலோகம் இல்லை, மட்பாண்டம் இல்லை, சக்கரம் இல்லை, இழுக்க மாடு இல்லை. சக்கிமுக்கிக் கல் உளிகளால் சுண்ணாம்புப் பாறையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டி முடிக்காமல் விட்ட ஏறக்குறைய 7 மீட்டர் நீளத் தூண் ஒன்று இன்றும் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. எகிப்தியப் பிரமிடுகளுக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் இடையே உள்ள காலம், பிரமிடுகளுக்கும் நமக்கும் இடையே உள்ளதைவிட அதிகம். 2018-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

2. ஷ்மிட்டின் முடிவும் அதன் கவர்ச்சியும்

ஷ்மிட்டின் வாதம் எளிமையானது, அழகானது. கிடைத்த எலும்புகள் எல்லாம் காட்டு விலங்குகளுடையவை: கஸல் என்னும் சிறுமான், காட்டு மாடு, காட்டுக் கழுதை, காட்டுப்பன்றி. தானியங்களும் காட்டுத் தானியங்களே. வீடுகள் தென்படவில்லை, அருகில் நீரூற்று இல்லை. ஆகவே இது யாரும் குடியிருக்காத மலைக்கோயில். சுற்று வட்டாரத்து வேட்டைக் கூட்டங்கள் குறிப்பிட்ட பருவத்தில் இங்கே கூடி, கட்டி, விருந்துண்டு கலைந்தன. இத்தனை பேருக்குச் சோறு போட வேண்டிய நெருக்கடிதான் அவர்களை உழவுக்குத் தள்ளியது. இதற்குத் துணையாக இன்னொரு சான்றும் அமைந்தது. 1997-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, பயிரான ஐன்கார்ன் கோதுமைக்கு மிக நெருங்கிய காட்டுக் கோதுமை கராஜாதா மலைப்பகுதியில் வளர்வதைக் காட்டியது. அந்த மலை கோபெக்லி தெபேயிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

பொருளாதாரம் மாறியபிறகே நம்பிக்கை மாறும் என்ற சைல்டின் பார்வைக்கு எதிராக, மனத்தின் மாற்றமே முதல் என்று பிரெஞ்சு அறிஞர் ழாக் கோவன் 1994-இலேயே வாதிட்டிருந்தார். ஷ்மிட்டின் கண்டுபிடிப்பு அதற்குக் கல்லில் கிடைத்த சாட்சியாகத் தெரிந்தது. பத்திரிகைகளும் ஆவணப்படங்களும் 'உலகின் முதல் கோயில்' என்ற தலைப்பை விடவே இல்லை. ஷ்மிட்டைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. கையில் இருந்த சான்றுக்கு அவர் முடிவு பொருந்தியது. ஆனால் அந்த முடிவிலும் சைல்டின் படிக்கட்டு அப்படியேதான் நிற்கிறது. ஏறும் திசை மட்டும் மாறியிருக்கிறது. ஒன்று வந்தால்தான் மற்றது வரும் என்ற எண்ணத்தை இருவருமே கேள்வி கேட்கவில்லை.

3. வீடு, தண்ணீர், அரவைக்கல்

முதல் மறுப்பு மண்ணிலிருந்து வரவில்லை, வாசிப்பிலிருந்து வந்தது. 2011-இல் பானிங் என்ற அறிஞர், கோயில் வேறு வீடு வேறு என்ற பிரிவினையே நம் காலத்தது, புதிய கற்கால மக்கள் குடியிருந்த வீட்டையே படிமங்களால் நிறைத்தார்கள் என்று எழுதினார். அப்போது அதைப் பலரும் ஏற்கவில்லை. ஷ்மிட் 2014-இல் மறைந்தார். அதன்பின் சான்று வந்த வழி வேடிக்கையானது. வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் தூண்களைக் காக்க நிரந்தரக் கூரை போட முடிவு செய்தார்கள். கூரையின் கால்களை ஊன்ற அடிப்பாறை வரை ஆழக் குழிகள் தோண்ட வேண்டியிருந்தது. எங்கே தோண்டுவது என்று இந்த முறை தீர்மானித்தவர் பொறியாளர். பெருந்தூண்கள் தெரியும் இடத்தை விட்டு, யாரும் ஆர்வம் காட்டாத இடங்களில் குழி இறங்கியது. அங்கே வீடுகள் இருந்தன: சிறிய வட்ட, நீள்வட்டக் கட்டடங்கள், அடுப்பிட்ட தடங்கள், கற்கருவி செய்த கழிவுகள். மிகப் பழைய அடுக்கிலிருந்தே மக்கள் அங்கு வாழ்ந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. ஷ்மிட்டுக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்த லீ கிளேர் தலைமையிலான குழு, மழைநீரைத் திரட்டும் கால்வாய்களையும் பாறையில் வெட்டிய தொட்டிகளையும் சேர்த்து வாசித்தது. ஊற்று இல்லாத மேட்டில் வானத்து நீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீர் இல்லை, ஆகவே குடி இல்லை என்ற வாதம் அதோடு தளர்ந்தது.

என் பார்வையில் இதைவிடக் கனமான சான்று அரவைக்கற்கள். லாரா டீட்ரிச்சும் அவர் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே கிடைத்த 7,000-க்கும் மேற்பட்ட அரவைக் கருவிகளை எடுத்துக்கொண்டது. நம் அம்மி, குழவி, உரல் வகையைச் சேர்ந்தவைதான். பல ஆண்டுகளாக இவை அகழாய்வு முற்றத்தில் வரிசையாக அடுக்கிக் கிடந்தன. தூண்களைப் படமெடுக்க வந்தவர்கள் இவற்றைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஆய்வாளர்கள் அதே போன்ற கற்களைச் செய்து, தானியத்தை அரைத்துப் பார்த்து, கல்லின் முகம் எப்படித் தேய்கிறது என்று பழைய கற்களோடு ஒப்பிட்டார்கள். கல்லில் ஒட்டியிருந்த தாவரச் சிலிக்கா நுண்துகள்களையும் சோதித்தார்கள். தேய்மானம் தானியத்துக்கே பொருந்தியது. நைசான மாவைவிடக் கரகரப்பாக உடைத்த குருணையே அதிகம் என்றும் தெரிந்தது. கஞ்சியாகக் காய்ச்சியிருக்கலாம். 160 லிட்டர் வரை கொள்ளும் கல்தொட்டிகளில் புளிக்கவைத்து மதுவாகவும் ஆக்கியிருக்கலாம். மது என்பதற்கு வேதிச் சோதனை இன்னும் உறுதி தரவில்லை.

காட்டுத் தானியம் ஓர் ஊருக்குப் போதுமா என்ற கேள்வி எழும். இதற்கு 1960-களிலேயே ஒரு விடை இருக்கிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாக் ஹார்லன், அதே கராஜாதா மலைச்சரிவில் சக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாளால் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஒரு கிலோ அளவு சுத்தத் தானியம் கிடைத்தது. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் ஓராண்டில் தின்று தீர்க்க முடியாத அளவு சேரும் என்று அவர் கணக்கிட்டார். பனிக்காலத்தின் கடைசிக் கடுங்குளிர் கி.மு. 9700 வாக்கில் முடிந்து, வெப்பமும் மழையும் கூடிய காலம் அது. விதைக்காமலே விளைந்தது நிலம். அப்படிப்பட்ட இடத்தில் தங்குவதற்கு உழவு எதற்கு?

4. குவிந்த மண் யாருடைய மண்?

கட்டடங்களை நிறைத்திருந்த மண்ணைப் பற்றிய சர்ச்சை நுட்பமானது, செய்தித்தாள்களுக்கு எட்டாதது. பயன்பாடு முடிந்ததும் மக்களே சடங்காக இவற்றை மண்ணிட்டு மூடினார்கள் என்று ஷ்மிட் கருதினார். கேட்பதற்கு எவ்வளவு நாடகத்தன்மையான முடிவு! இப்போதைய குழு மண்ணடுக்குகளை மீண்டும் பார்த்து, மேட்டின் சரிவில் இருந்த வீடுகளின் இடிபாடும் குப்பையும் சரிந்து வந்து தாழ்வான கட்டடங்களை நிறைத்ததே பெரும்பகுதி என்கிறது. சரிவால் சேதமான சுவர்களை மக்கள் சரிசெய்து, முட்டுக்கொடுத்து, தொடர்ந்து பயன்படுத்திய தடங்களும் இருக்கின்றன.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஷ்மிட் விருந்துக்குச் சான்றாகக் காட்டிய எலும்புக் குவியல் இந்த நிரப்பு மண்ணில்தான் கிடந்தது. மண் மேலேயிருந்த வீடுகளிலிருந்து வந்ததென்றால், எலும்பும் அங்கிருந்தே வந்திருக்கும். கோயிலில் உண்ட விருந்தின் மிச்சம் என்று படித்தது, ஊரின் அன்றாடக் குப்பையாகிவிடுகிறது. விருந்தே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எலும்புகளைக் கொண்டு அதை நிறுவ முடியாது என்கிறேன். கரித்துண்டுக்குக் காலம் கணிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்: சரிந்து வந்த மண்ணிலுள்ள கரி, சுவரின் வயதைச் சொல்லாது.

5. தனித்து நிற்காத மேடு

கோபெக்லி தெபே அதிசயம் என்ற பேச்சு, அதைப் போன்ற இன்னொன்று கிடைக்கும் வரைதான். அதே வட்டாரத்தில் உள்ள கரஹான் தெபேயில் தொல்லியலாளர் நெஜ்மி காருல் தலைமையில் 2019 முதல் அகழாய்வு நடக்கிறது. அங்கே ஓர் அறையில் பதினொரு தூண்கள். அவற்றில் பத்து, தளப்பாறையையே குடைந்து விட்டவை. பக்கச் சுவரிலிருந்து கழுத்து நீட்டிய மனிதத் தலை அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஊரிலும் வீடுகள் உண்டு. 2023-இல் அங்கே விலா எலும்பு தெரியும் 2.3 மீட்டர் உயர ஆண் சிலை வெளிவந்தது. அதே ஆண்டு கோபெக்லி தெபேயில் சுண்ணாம்புக்கல் காட்டுப்பன்றிச் சிலை கிடைத்தது. அதன் மேல் சிவப்பு, வெள்ளை, கறுப்பு வண்ணத்தின் தடங்கள் எஞ்சியிருந்தன. நாம் வெளிறிய கல்லாகப் பார்க்கும் இந்தக் கூடங்கள் அன்று நிறம் பூசி இருந்தன என்று நினைக்க இடமிருக்கிறது.

அதே வட்டாரத்துச் சாய்புர்ச் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இன்றைய கிராமத்தின் வீடுகளுக்கு அடியிலேயே இருக்கும் புதிய கற்கால ஊர் அது. பொதுக்கூடத்தின் திண்ணை முகத்தில், இரு சிறுத்தைகளுக்கு நடுவில் ஒரு மனிதன், காளையை எதிர்கொள்ளும் இன்னொருவன் என்று புடைப்புச் சிற்பம் ஓடுகிறது. அந்தப் பொதுக்கூடமும் குடியிருப்பும் ஒரே ஊரின் பகுதிகள். 2022-இல் தொல்லியலாளர் எய்லெம் ஓஸ்தோவான் இந்தச் சிற்பத்தை வெளியிட்டார். மூழ்கிப்போன நெவாலி சோரியிலும் இதே அமைப்புதான். அங்கே ஐன்கார்ன் பயிராகிவிட்டது. தூண் நிறுத்திய கூடமும் தொடர்ந்தது. உழவு இல்லாத ஊரிலும் உழவு வந்த ஊரிலும் அதே தூண்கள் நிற்கின்றன என்றால், தூண் உழவின் விளைவும் இல்லை, காரணமும் இல்லை.

6. மறுப்புகள்

அரசன் இல்லாமல் இத்தனை உழைப்பைத் திரட்ட முடியுமா என்பது முதல் மறுப்பு. அரண்மனையோ, செல்வம் குவித்த தனிக்கல்லறையோ இதுவரை கிடைக்கவில்லை. பெருங்கல்லை இழுக்க அரசு தேவையில்லை என்பதற்கு நாகாலாந்து போதும்: அங்கமி நாகர் ஊர்களில் ஊருக்கு விருந்து வைப்பவர் பெயரால், ஊரே கூடிப் பெருங்கல்லை இழுத்து நட்டதை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இனவரைவியலாளர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் உழவர்கள் என்ற வேறுபாடு உண்டு. கல்லிழுக்கும் ஏற்பாட்டுக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை. வட அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள பாவர்ட்டி பாயின்ட் மண்மேடுகளை எழுப்பியவர்களோ உழவே செய்யாதவர்கள். ஆனால் இதிலிருந்து சமத்துவப் பொற்காலம் ஒன்றைக் கற்பனை செய்யவும் கூடாது. கோபெக்லி தெபேயின் படிமங்களில் பெண் ஏறக்குறைய இல்லை. ஆண்குறி காட்டிய விலங்குகளும் ஆண்களுமே நிறைந்திருக்கிறார்கள். மூன்று மண்டையோடுகளில் ஆழமாகக் கீறிய கோடுகள் இருப்பதை 2017-இல் வெளியிட்டார்கள். யாரோ சிலருக்கு மட்டும் திறந்த கதவுகள் அங்கு இருந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, வால்மீன் வாதம். கோபெக்லி தெபேயின் 43-ஆம் தூணில் உள்ள கழுகையும் தேளையும் விண்மீன் கூட்டங்களாக வாசித்து, கி.மு. 10,950 வாக்கில் நடந்த வால்மீன் மோதலின் பதிவு என்று 2017-இல் இரு பொறியியலாளர்கள் எழுதினார்கள். இணையத்தில் இது பரவிய வேகத்துக்கு அளவில்லை. கட்டடங்கள் அந்தத் தேதிக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியவை. அவற்றுக்குக் கூரை இருந்திருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. கூரைக்கு அடியில் நின்று வானம் பார்ப்பது கடினம். ஒரு தூணை எடுத்துக்கொண்டு மற்றத் தூண்களை விட்டுவிடும் வாசிப்பை நான் ஏற்பதற்கில்லை.

மூன்றாவது மறுப்பே வலுவானது. மேட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தோண்டப்படவில்லையே, நீங்கள் மட்டும் எப்படி உறுதியாகப் பேசலாம்? சரியான கேள்வி. 'அங்கே வீடு இல்லை' என்ற கூற்று தோண்டாத மண்ணைச் சார்ந்திருந்தது, அதனால்தான் விழுந்தது. 'வீடு உண்டு, நீர்த்தொட்டி உண்டு, அரவைக்கல் உண்டு' என்பது கையில் இருக்கும் பொருளைச் சார்ந்தது. இனிமேல் தோண்டும் எதுவும் அவற்றை இல்லாமல் ஆக்காது. ஆண்டு முழுவதும் தங்கினார்களா, சில மாதங்களா என்பது மட்டும் இன்னும் தீராத கேள்வி. கஸல் மான்கள் கோடையிலிருந்து இலையுதிர் காலம் வரையே அங்கு வந்தன என்ற எலும்பு ஆய்வை வைத்து, ஊரின் கூட்டம் அந்த மாதங்களில் பெருகியது என்று கொள்ளலாம்.

தமிழில் இந்த விவாதம் நமக்கு அந்நியமானது அன்று. குறிஞ்சியிலிருந்து முல்லை, முல்லையிலிருந்து மருதம் என்று திணைகளையே மனித வளர்ச்சியின் படிகளாகப் படிக்கும் பழக்கம் நம் பாடநூல்களில் உண்டு. கார்த்திகேசு சிவத்தம்பி 1974-இல் எழுதிய திணைக் கட்டுரையில், இவை ஒரே காலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சி என்று காட்டினார். வேட்டையும் மேய்ச்சலும் உழவும் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் இருக்க முடியும் என்பதை ஏற்ற நமக்கு, கஸல் வேட்டையாடிக்கொண்டே தூண் நிறுத்திய ஊரை ஏற்பதில் தடை இருக்கக் கூடாது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த அகழாய்வு அறிக்கை கைக்கு வந்தாலும், அது நம் மாவட்டத்தினுடையதாகவே இருக்கட்டும், சிலை, நாணயம், எழுத்துப் பொறிப்பு ஆகிய பக்கங்களுக்கு முன்னால் விலங்கெலும்பு, தாவர எச்சம், அரவைக்கல் பற்றிய பின்னிணைப்புகளைப் படியுங்கள். அவை இல்லாத அறிக்கை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.